பெயரும் காரணமும்

"வேலை நடந்தால் போதாதா? பெயரைப் பற்றி இத்தனை சண்டை எதற்கு?" என்று நம் கணினித் துறை நண்பர்கள் கேட்கிறார்கள். லினக்ஸ் கெர்னலுக்கு அனுப்பப்படும் திருத்தங்களைச் சீராய்வோர், நிரலில் பிழை ஒன்றும் காணாதபோதும், "இப்பெயர் பொருந்தவில்லை; மாற்றி அனுப்புக" என்று திருப்பிவிடுவது உண்டு. முதன்முதலாகத் திருத்தம் அனுப்பிய மாணவனுக்கு இது பெரும் ஏமாற்றம். இரவெல்லாம் கண்விழித்து எழுதியதைப் பெயர்க் குற்றம் சொல்லித் தள்ளுவதா என்று அவன் மனம் குமைகிறான். அவன் குமைவது இயற்கை. ஆயினும் திருப்பி அனுப்பியவர் பக்கமே பெரும்பாலும் நியாயம் இருக்கிறது என்பது என் துணிபு. அவ்வளவோடு நில்லாமல், பெயர்களைச் சீராயும் அந்த வேலைக்கு நம் தமிழ் மாணவர்கள் மிகவும் ஏற்றவர்கள் என்றும் சொல்வேன். ஏன் என்பதைப் பின்னர்க் கூறுகிறேன்.

பிற துறை அன்பர்களுக்காக ஒரு விளக்கம். கெர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. நினைவகத்தைப் பங்கிடுவதும், எந்த நிரல் எப்போது ஓடலாம் என்று முறை வைப்பதும், வட்டு, விசைப்பலகை, வலை ஆகியவற்றோடு பேசுவதும் அதன் தொழில். உங்கள் சட்டைப்பையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதனுள் ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான். உலகின் மிக விரைவான 500 கணினிகளின் பட்டியலில், 2017 நவம்பர் முதல், ஐந்நூறும் லினக்ஸையே கொண்டு ஓடுகின்றன. மூன்று கோடி வரிகளுக்கு மேற்பட்ட அந்த மூல நிரலை ஒருவர் முழுதும் படித்து முடிப்பது நடவாத காரியம். படிப்போர் எல்லாரும் பெயர்களைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். இருட்டில் சுவரைத் தடவி நடப்பவனுக்குச் சுவர் எப்படியோ, கெர்னலைப் படிப்பவனுக்குப் பெயர் அப்படி.

தமிழருக்குப் பெயரின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்குத் தமிழ்நாடு என்று பெயரிடுக என்பது முதலிய கோரிக்கைகளுக்காகத் தியாகி சங்கரலிங்கனார் 1956-இல் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். 1969-இல்தான் அப்பெயர் சட்டப்படி நிலைத்தது. கெர்னலில் உள்ள ஒரு மாறியின் பெயரை அந்தத் தியாகத்தோடு ஒப்பிட நான் துணியேன். ஆனால் பெயர் வெறும் ஒலியன்று என்று அறிந்த மக்களின் பிள்ளைகள் நாம் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

பள்ளியில் நன்னூலைத் தொட்டுப் படித்தவர்களுக்கு இடுகுறிப் பெயரும் காரணப் பெயரும் மறந்திருக்காது. மரம், மண் என்பவை இடுகுறி. ஏன் அப்பெயர் என்று கேட்க முடியாது. பறவை, நாற்காலி என்பவை காரணப் பெயர். பறப்பதால் பறவை, நான்கு கால் இருப்பதால் நாற்காலி. கெர்னலில் வைக்கப்படும் பெயர்கள் ஏறக்குறைய எல்லாம் காரணப் பெயர்களாகத்தான் பிறக்கின்றன. காலம் செல்லச் செல்லக் காரணம் இறந்துவிடுகிறது. பெயர் மட்டும் எஞ்சி நிற்கிறது. அப்போது அது இடுகுறியாகவும் இருப்பதில்லை; பொய் சொல்லும் பெயராகிவிடுகிறது.

'கில்' என்ற அழைப்பை எடுத்துக்கொள்வோம். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புராசஸை ஒழிப்பது அதன் வேலை என்று எவரும் நினைப்பர். உண்மையில் அது சைகை அனுப்பும் அழைப்பு. 'சற்று நில்' என்பதும் அதன் வழியே போகும். 'நின்றது போதும், தொடர்க' என்பதும் அதன் வழியே போகும். சைகை எண்ணாகச் சுழியத்தைக் கொடுத்தால் ஒன்றும் போகாது. அந்தப் புராசஸ் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரியவரும். உயிரோடிருக்கிறாயா என்று நலம் விசாரிக்கப் போகிறவனுக்குக் கொலையாளி என்று பெயர்! புதியவன் எப்படி அறிவான்?

'டீமன்' என்ற பெயர் இன்னொரு வகை. பின்னணியில் ஓசையின்றி ஓடும் நிரல்களுக்கு அப்பெயர். பேய் பிசாசு என்று எண்ணி நம்மவர் சிரிப்பதுண்டு. 1960-களில் எம்ஐடியில் அப்பெயரை வைத்தவர்கள் மனத்தில் இருந்தது மாக்ஸ்வெல்லின் பூதம். மூலக்கூறுகளை ஓயாது பிரித்துக்கொண்டே இருக்கும் அந்தக் கற்பனைப் பூதத்தை நம் இயற்பியல் மாணவர்கள் வெப்ப இயக்கவியல் வகுப்பிலேயே சந்தித்திருப்பார்கள். காரணம் தெரிந்தால் அழகான பெயர். தெரியாதவனுக்கு வெறும் வேடிக்கை.

புதுக் கோப்பை உண்டாக்கும் 'கிரியேட்' அழைப்பின் கதை எல்லாரும் அறிந்ததே. ஆங்கில எழுத்துக்கூட்டில் கடைசியில் வர வேண்டிய 'ஈ' அதில் இல்லை. யூனிக்ஸை மீண்டும் ஒருமுறை அமைத்தால் எதை மாற்றுவீர் என்று கேட்டதற்கு, அந்த 'ஈ'யைச் சேர்ப்பேன் என்று கென் தாம்ப்சன் விடையிறுத்தாராம். சேர்க்க முடிந்ததா? அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. லினக்ஸிலும் அது இன்றுவரை வாலறுந்த பெயராகவே இருக்கிறது.

'ஜிஃபி' என்ற பெயரும் சுவையானது. கெர்னலின் கடிகாரத் துடிப்பு ஒன்றுக்கு அப்பெயர். ஆங்கிலப் பேச்சில் 'ஒரு நொடிப் பொழுது' என்பது போன்ற சொல். தொல்காப்பியர் கண்ணிமைப்பதையும் கைந்நொடிப்பதையும் கொண்டு மாத்திரைக்கு அளவு சொன்னாரே, அந்த இனத்தைச் சேர்ந்தது. ஆனால் இதன் அளவு நிலையானதன்று. கெர்னலை அமைக்கும்போது விநாடிக்கு நூறு துடிப்பு என்று வைத்தால் ஒன்று 10 மில்லி விநாடி. ஆயிரம் என்று வைத்தால் 1 மில்லி விநாடி. ஒரு கணினியில் எழுதியவன் 'ஐந்து ஜிஃபி காத்திரு' என்று வைத்தால் இன்னொன்றில் அது பத்து மடங்கு மாறிப்போகும். ஆகவே காலத்தைக் குறிக்கும் மாறிகளுக்கு அலகையும் பெயரோடு ஒட்டிவைப்பது நல்லது. மில்லி விநாடியா நானோ விநாடியா என்று பெயரே சொல்லிவிட்டால் ஆராய்ச்சிக்கு இடமில்லை. ஆய்வகக் குறிப்பேட்டில் அலகின்றி எண் எழுதினால் நம் ஆசிரியர்கள் சிவப்பு மையால் வட்டமிடுவது இதற்காகத்தானே?

நிற்க. எல்லாப் பெயரும் நீளமாக இருக்க வேண்டும் என்பது என் வாதமன்று. கெர்னலோடு வரும் எழுத்துநடை விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. ஒரு ஃபங்ஷனுக்குள் பிறந்து அதற்குள்ளேயே மறையும் மாறிக்கு 'ஐ' போதும், 'டிஎம்பி' போதும்; அங்கே பத்துச் சொல் கோத்து மாலை தொடுத்தால் அவ்விதிநூல் நகைக்கிறது. உலகமெல்லாம் கூப்பிடும் ஃபங்ஷனுக்கோ பொருள் விளங்கும் முழுப்பெயர் வேண்டும் என்கிறது. பயனர் எண்ணிக்கையைக் கூறுவதானால் அதைச் சொல்லும் பெயரே வை, உயிரெழுத்தெல்லாம் உதிர்ந்த முண்டம் ஒன்றை வைக்காதே என்கிறது. நம் வீட்டு வழக்கமும் இதுதான். வீட்டுக்குள் குட்டி, அம்பி, பாப்பா என்றால் போதும். குடும்ப அட்டையில் 'குட்டி' என்று எழுதினால் அரிசி கிடைக்குமா?

அண்மைக் காலத்தில் நடந்த பெயர் வழக்குகளில் மிகவும் கற்கத்தக்கது 'ஃபோலியோ' வழக்கு. நினைவகத்தைக் கெர்னல் பக்கம் பக்கமாகப் பிரித்து ஆள்கிறது. பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4096 பைட். சில வேளை பல பக்கங்களைச் சேர்த்து ஒரு கட்டாகவும் கையாளும். கட்டின் முதற்பக்கம் தலை, மற்றவை வால். கணக்கு விவரங்கள் பெரும்பாலும் தலையில் இருக்கும். ஆனால் தலைக்கும் பெயர் 'பக்கம்', வாலுக்கும் பெயர் 'பக்கம்', தனித்து நிற்பதற்கும் பெயர் 'பக்கம்'. ஒரு ஃபங்ஷன் தன்னிடம் வந்திருப்பது எது என்று பெயரைக் கொண்டு அறிய வழியில்லை. ஆகவே ஒவ்வொரு ஃபங்ஷனும் ஐயத்தோடு தலையைத் தேடிப் பார்த்தது. வேண்டாத இடத்திலும் தேடியது, வேண்டிய இடத்தில் தேட மறந்தும் போனது. இதைக் கண்ட மேத்யூ வில்காக்ஸ் 2020 இறுதியில் புதிய வகை ஒன்றை முன்வைத்தார். வால் பக்கம் ஒருபோதும் ஃபோலியோ ஆகாது என்பதே அதன் உறுதிமொழி. உறுதிமொழி பெயரோடு சேர்ந்து வருவதால் கம்பைலரே காவல் நிற்கும்.

கருத்து நல்லது என்றோர் பலர். பெயர்தான் பிடிக்கவில்லை என்றோரும் பலர். 2021 முழுவதும் வாதம் நடந்தது. மாற்றுப் பெயர்கள் வந்தவண்ணம் இருந்தன. இறுதியில் ஃபோலியோ என்ற பெயரோடே 5.16 பதிப்பில் அது இடம்பெற்று, 2022 சனவரியில் வெளியாயிற்று. ஒரு சொல்லுக்காக ஓராண்டா என்று சிரிப்போர் சிரிக்கட்டும். அச்சொல் இன்று கெர்னலின் நினைவகப் பகுதி முழுவதும் பரவி வருகிறது, ஓராண்டு அதிகமன்று.

எனக்கு அப்பெயர் பிடித்திருக்கிறது. ஓலைச்சுவடியைக் கண்ட தமிழனுக்கு அது விளங்காமல் போகாது. பக்கம் வேறு, ஏடு வேறு. ஓர் ஏட்டுக்கு இரு பக்கம் உண்டு. ஃபோலியோ என்பது நம் 'ஏடு'தான். அகராதியை ஒருமுறை புரட்ட வைக்கிறது என்பது மெய். ஆனால் ஒருமுறைதான். தெரியாத சொல்லைக் கண்டால் படிப்பவன் நின்று கேட்பான். தெரிந்ததுபோல் முகங்காட்டி வேறு பொருள் தரும் சொல்லே அவனைக் குழியில் தள்ளுவது. 'கில்' அத்தகையது, 'ஃபோலியோ' அத்தகையதன்று.

இனி, பெரும் கொந்தளிப்பை எழுப்பிய 2020-ஆம் ஆண்டுச் செய்திக்கு வருவோம். ஒரு கருவி கட்டளையிட, மற்றொன்று அதன்படி நடக்கும் அமைப்புகளுக்குக் கணினி உலகம் நெடுங்காலமாக 'மாஸ்டர்', 'ஸ்லேவ்' என்று பெயர் வைத்திருந்தது, ஆண்டான், அடிமை! விலக்க வேண்டியவற்றின் பட்டியல் 'பிளாக்லிஸ்ட்'; ஏற்கத்தக்கவற்றின் பட்டியல் 'வைட்லிஸ்ட்'. அவ்வாண்டு சூலையில் டான் வில்லியம்ஸ் எழுதிய ஒரு திருத்தத்தை லினஸ் டோர்வால்ட்ஸ் ஏற்றுக்கொண்டார். இனிப் புதிதாக எழுதும் நிரலில் இச்சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்பது விதியாயிற்று. தலைவன்–தொடர்வோன், முதன்மை–துணை, கட்டுப்படுத்தி–கருவி என்று இடத்துக்கேற்ற மாற்றுகளும் தரப்பட்டன. பழையன அனைத்தையும் ஒரே நாளில் தோண்டி எறியச் சொல்லவில்லை. பயனர் நிரல்கள் நம்பியிருக்கும் பெயர்களுக்கும், பழைய வன்பொருள் விதிநூல்கள் கட்டாயப்படுத்தும் பெயர்களுக்கும் விலக்களித்தது.

"யாரையும் புண்படுத்தும் எண்ணத்தோடு அப்பெயரை வைக்கவில்லையே!" என்று நம் நண்பர்கள் சிலர் அன்று வாதிட்டனர். உண்மைதான். ஆனால் எண்ணம் வைத்தவனோடு போய்விடுகிறது. சொல் படிப்பவனிடம் வந்துவிடுகிறது. இதை நமக்கு விளக்க அமெரிக்க வரலாறு தேவையில்லை. புனேயில் 'காலனி' என்பது சாதாரண முகவரி. நல்ல வீடுகளும் வேப்பமரங்களும் உள்ள தெருவுக்கெல்லாம் இங்கு அப்பெயர். சொல்வோரும் கேட்போரும் முகம் சுளிப்பதில்லை. நம் ஊர்ப்புறத்தில் அதே சொல் யாரைக் குறிக்கிறது, எந்தக் குரலில் சொல்லப்படுகிறது என்று நம்மில் ஒவ்வொருவருக்கும் தெரியும். 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அகராதியில் குற்றமற்ற சொல்தான். ஊரார் நாவில் அது பட்டிருக்கிற பாடுதான் குற்றம். இதை ஒப்புகிறவர் 'ஸ்லேவ்' என்ற சொல்லை மட்டும் அகராதியைக் காட்டிக் காப்பது எப்படிப் பொருந்தும்?

அன்றியும், இன்னொரு நன்மை உண்டு. அது உணர்ச்சி பற்றியதன்று, அறிவு பற்றியது. 'பிளாக்லிஸ்ட்' என்றால் விலக்கும் பட்டியல் என்று அறிய ஓர் ஆங்கில வழக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 'டினைலிஸ்ட்' என்றால் மறுக்கும் பட்டியல், சொல்லே சொல்லிவிடுகிறது. ஐ2சி என்னும் கம்பித் தொடர்பு முறையின் விதிநூல் 2021-இல் 'கண்ட்ரோலர்', 'டார்கெட்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. விதிநூல் மாறியபின் கெர்னலின் ஐ2சி பகுதியிலும் 2024-இல் பெயர் மாற்றம் தொடங்கியது. ஆத்திரப்பட்டு முந்தாமல், விதிநூல் வரும்வரை பொறுத்துப் பின் தொடர்ந்த முறையை நான் பாராட்டுகிறேன். விதிநூலில் ஒரு பெயர், நிரலில் ஒரு பெயர் என்றிருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் படிப்பவன் கதி என்னாவது?

பெயரைப் பிறக்கும்போதே சோதிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குத் தலையாய காரணம் ஒன்றுண்டு. கெர்னலுக்குள் இருக்கும் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆயிரம் இடத்தில் வந்தாலும் ஆயிரத்தையும் ஒருசேர மாற்றிவிடலாம். ஆனால் வெளியே உள்ள பயனர் நிரல்களின் கைக்குப் போய்விட்ட பெயரை மாற்ற முடியாது. மாற்றினால் யாருடைய நிரலோ எங்கோ உடையும். பயனர் நிரலை உடைக்கக் கூடாது என்பது கெர்னலார் உயிரினும் மேலாகப் போற்றும் நோன்பு. பல வலைக் கம்பிகளை ஒன்றாகக் கட்டும் 'பாண்டிங்' பகுதி தன் நிலையைக் காட்டும் கோப்பில் 'ஸ்லேவ்' என்ற பழஞ்சொல் நிற்பது இதனால்தான்.

இதை நேரில் காண விரும்புவோர் லோஹேகாவ் விமான நிலையத்துக்குப் போகலாம். விடுமுறைக்குச் சென்னை செல்லும் நம்மவர் பெட்டியில் ஒட்டும் சீட்டைப் பாருங்கள்: 'எம்ஏஏ' என்றிருக்கும். மதராஸ் போய்ச் சென்னை வந்தது 1996-இல். சீட்டுக்கு அது இன்னும் தெரியாது! பம்பாய் 1995-இல் மும்பை ஆயிற்று. சீட்டில் இன்றும் 'பிஓஎம்'. இந்த விமான நிலையத்துக்கே ஜகத்குரு சந்த் துக்காராம் மகாராஜ் பெயரைச் சூட்ட வேண்டுமென்று 2024 செப்டம்பரில் மகாராஷ்டிர அமைச்சரவை முடிவெடுத்தது. பெயர்ப் பலகை எப்போது மாறினாலும், உலகெங்கும் உள்ள பதிவு நிரல்களின் கையில் இருக்கும் குறி வேறு வகையைச் சேர்ந்தது. கல்கத்தாவும் அப்படியே. 2001-இல் கொல்கத்தா ஆனபின்னும், கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலப் பட்டியலில் பழைய பெயர் புதியதற்குச் சுட்டியாக வைத்துக் காக்கப்படுகிறது. பழைய நிரல்கள் தேடுமே!

நம் நெஞ்சில் தைக்கும் சான்று ஒன்றும் உண்டு. யூனிகோடில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது. நம் ஆய்த எழுத்தின் பெயர் என்ன தெரியுமா? 'தமிழ் விசர்க்கக் குறி'! ஆய்தம் வேறு, வடமொழி விசர்க்கம் வேறு என்பது தமிழ் படித்த சிறுவனுக்கும் தெரியும். இந்திய எழுத்துகள் அனைத்தையும் ஒரே அச்சில் வார்த்த 1988-ஆம் ஆண்டு இஸ்கி அமைப்பை அடியொற்றி யூனிகோடு அமைந்ததால், வடவெழுத்தின் கட்டத்தில் நம் ஆய்தம் உட்கார வைக்கப்பட்டது. தமிழுக்குச் சிறப்பான ழகரத்துக்கோ ஆங்கில 'எல்' மூன்றை அடுக்கி ஒரு பெயர். இவற்றை மாற்ற முடியுமா? முடியாது. யூனிகோடு 2.0 முதல் எழுத்துப் பெயர்கள் ஒருக்காலும் மாற்றப்படா என்பது விதி. அப்பதிப்பு வெளிவந்தது 1996-இல். சென்னை பெயர் பெற்ற அதே ஆண்டு. பக்கத்தில் 'ஆய்தம்' என்று சிறு குறிப்பு ஒன்றைச் சேர்த்ததோடு சரி. பெயர் வைத்த நாளில், "இதற்கு ஏன் இப்பெயர்?" என்று ஒரு தமிழ் மாணவன் எழுந்து கேட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

'சைக்கிள் கொட்டகை' என்ற ஏளனத்துக்கும் விடை சொல்ல வேண்டும். அணு உலைத் திட்டத்தைச் சில நிமிடங்களில் ஒப்பிவிட்டுச் சைக்கிள் கொட்டகையைப் பற்றி நெடுநேரம் வாதிடும் குழுவைப் பார்க்கின்சன் 1957-இல் நையாண்டி செய்தார். நிரலாளர் கூட்டங்களில் பெயர் பற்றி வாய் திறந்தால் இந்தக் கொட்டகையை எடுத்து வீசுவார்கள். சுவைக்காக நடக்கும் பெயர்ச் சண்டைகள் உண்டு. அவற்றை நானும் வெறுக்கிறேன். 'கெட்' என்பதா 'ஃபெட்ச்' என்பதா என்று மூன்று நாள் பேசுவது வீண். ஆனால் கொட்டகைக்கு எந்த நிறம் அடித்தாலும் உள்ளே சைக்கிள்தான் நிற்கும். அணு உலையின் கதவில் 'சைக்கிள் கொட்டகை' என்று எழுதிவைத்தால் அது நிறம் பற்றிய பேச்சாகுமா?

இப்போது முதலில் சொன்னதற்கு வருகிறேன். சீராய்வில் நம் மாணவர்கள் வாய் திறப்பதில்லை. அறிவுக் குறைவன்று, ஆங்கிலம் பற்றிய கூச்சம். ஒரு பெயர் விளங்காவிட்டால், "நமக்குத்தான் ஆங்கிலம் போதவில்லை" என்று தனியே அகராதியைத் தேடிவிட்டுப் பேசாதிருக்கிறார்கள். தேடிக் கண்டதை ஒருவரிடமும் சொல்வதில்லை. இந்தக் கூச்சத்தால் நட்டம் நமக்கு மட்டுமன்று, கெர்னலுக்குந்தான்.

எண்ணிப் பாருங்கள். லினக்ஸைத் தொடங்கிய டோர்வால்ட்ஸின் தாய்மொழி ஆங்கிலமன்று. சுவீடிஷ் பேசும் பின்லாந்துக்காரர் அவர். செமஃபோர் என்னும் கருவியைத் தந்த டைக்ஸ்ட்ரா டச்சுக்காரர். அதன் இரு செயல்களுக்கும் தம் தாய்மொழிச் சொற்களைக் கொண்டு 'பி', 'வி' என்று பெயரிட்டார். டச்சு அறியாத உலகம் எது இறக்குவது, எது ஏற்றுவது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தது. லினக்ஸில் அவற்றுக்கு 'டவுன்', 'அப்' என்று பெயர். மொழி சிறிதே அறிந்தவனுக்கும் விளங்கும். அன்று ஆங்கிலேயன் தடுமாறியபோது குறை பெயரின் மேல் ஏற்றப்பட்டது. இன்று நாம் தடுமாறினால் மட்டும் குறை நம்மேல் ஏறுவது ஏன்?

கெர்னலைப் படிப்போரில் ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்றவர்களே மிகப் பலர்: சீனர், செருமானியர், பிரேசில் நாட்டார், நாம். ஒரு பெயர் நம்மை இடறினால் அது அத்தனை பேரையும் இடறும். லண்டனில் பிறந்தவனுக்கு இடறாது. ஆகவே அவனால் இக்குறையைக் கண்டுபிடிக்க இயலாது. நம்மால் இயலும். "இப்பெயரின் காரணம் எனக்கு விளங்கவில்லை, விளக்குக" என்று ஒரு வரி எழுதினால் போதும். விளக்கம் நேராக வந்தால் அதை நிரலிலேயே குறிப்பாக எழுதச் சொல்லலாம். விளக்கம் சுற்றி வளைத்து வந்தால் பெயர்தான் கோணல்.

"அப்படியானால் கெர்னலில் தமிழ்ப் பெயரே வைத்துவிடலாமே" என்று சென்ற வாரம் ஒரு நண்பர் ஆர்வத்தோடு கேட்டார். வேண்டாம் என்றேன். டச்சு எழுத்துகளால் உலகம் பட்ட பாட்டைத் தமிழால் பட வைப்பது தமிழுக்கு அழகன்று. ஆனால் நமக்குள் பாடம் சொல்லிக்கொள்ளும்போது ஃபோலியோவை ஏடு என்போம், ஜிஃபியை நொடி என்போம், அதற்குத் தடையில்லை. அடுத்த மாதம் முதல் ஞாயிறுதோறும் சங்க அறையில் ஐ2சி பகுதியின் பழைய பெயர்களையும் புதிய பெயர்களையும் அருகருகே வைத்துப் படிக்க இருக்கிறோம். நடுநடுவே விமானப்படைக்காரர்களின் ஜெட் இரைச்சல் பேச்சை விழுங்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். வேதியியலாரும் வரலாம், வரலாற்று மாணவரும் வரலாம். கெர்னல் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு பெயருக்கும் காரணம் கேட்பாரானால் எங்களுக்கு இன்னும் நல்லது.